பழைய செராமிக் ரிங்: கழுவி வைக்கலாமா, ஒரே நாளில் எடுக்கலாமா, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாமா?

என் கடல் மீன் தொட்டியின் சம்ப்பில் (தொட்டித் தண்ணீர் வடிகட்டப்படும் துணைத்தொட்டி) ஆறு வருடமாகக் கிடந்த செராமிக் ரிங்குகளை (பாக்டீரியா குடியேறுவதற்காகப் போடும் பீங்கான் வளையங்கள்) 2024 பொங்கல் முடிந்த வாரம் எடுக்கத் தொடங்கி மார்ச் நடுவில் முடித்தேன். 300 லிட்டர் தொட்டி. உள்ளே நல்ல கனமான பாறை அடுக்கு, ஜோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு பெரிய லெதர் கோரல் என்று சில பவள வகைகள், ஆறு மீன்கள். ரிங்குகள் நான்கு வலைப்பைகளில் ஏறக்குறைய நான்கு கிலோ இருந்தன. இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே சரி என்பது என் முடிவு. மற்ற வழிகளையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடம் எடுக்காததை எடுக்க வைத்தது மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் பெரம்பூர் பக்கம் எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் வேவ் மேக்கரையும் ஏர் பம்ப்பையும் மட்டும் ஓட்டினேன். சம்ப் தண்ணீரை மேலே தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்திவிட்டதால் சம்ப்பில் நீரோட்டமே இல்லை. கரண்ட் வந்ததும் சம்ப் மூடியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம். ரிங் பைகளுக்குள் தேங்கிய அழுக்கு, இருந்த ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துவிட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவைக் கிளப்பியிருக்கிறது. பழக்கத்தில் அப்படியே பம்ப்பைப் போட்டிருந்தால் அத்தனையும் மேலே மீன்களிடம் போயிருக்கும். நல்லவேளை, முதலில் மூக்கு எச்சரித்தது. சம்ப் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு, கேனில் வைத்திருந்த ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்து ஊற்றிய பிறகுதான் பம்ப்பைப் போட்டேன். ஒரு மீனும் போகவில்லை. ஆனால் ரிங்குகள் மேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போய்விட்டது.

சரி, முதல் வழி: இருப்பதை இருக்கவிட்டு அவ்வப்போது அலசி வைப்பது. கொளத்தூரில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர் சொன்னதும் அதுதான். “அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். மாசம் ஒரு தடவை அலசிட்டாப் போதும், எதுக்குத் தொடுறீங்க?” அவர் சொன்னது தவறில்லை. பாறை குறைவாகவும் மீன் அதிகமாகவும் உள்ள தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு ரிங்தான் முக்கிய இருப்பிடம். அங்கே ரிங்கை எடுப்பது குடியிருக்கும் வீட்டை இடிப்பது போல. என்னுடையதைப் போலப் பாறை நிறைந்த ரீஃப் (பவளம் வளர்க்கும்) தொட்டியில் அந்த வேலையைப் பாறையும் மணலும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ரிங் இரண்டாவது வீடு மட்டுமே.

அந்த இரண்டாவது வீட்டைப் பெருக்கித் துடைக்க முடியுமா? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். குழாயடியில் வைத்து அலச முடியாது. மெட்ரோ வாட்டரில் பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்றாலும், லிட்டருக்கு 35 கிராம் உப்பில் வாழும் பாக்டீரியாவுக்கு அது தாங்க முடியாத அதிர்ச்சி. உப்புத் தண்ணீரில்தான் அலச வேண்டும். புதிதாகக் கலப்பதென்றால் கணக்கு இப்படி வரும்: எங்கள் வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தருவதற்கு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. நான்கு பைகளுக்கு 40 லிட்டர் வேண்டும் என்றால் 160 லிட்டர் செலவு. கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கும் வீட்டில் ரிங் கழுவ 160 லிட்டர் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுக்கும் 30 லிட்டரிலேயே அலசிவந்தேன். இரண்டாவது பையை முக்கும்போதே அது டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். மூன்றாவது, நான்காவது பைகளை அந்த டிகாஷனில்தான் முக்கி எடுப்பேன். அழுக்கு ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியதே தவிர வெளியேறவில்லை. ஒரு ஞாயிறு காலை முழுக்க முதுகு ஒடிய உட்கார்ந்து செய்த வேலைக்குப் பலன் இவ்வளவுதான்.

ஒரு ரிங்கை இடுக்கியால் உடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நகக்கனம்தான் பழுப்பு. அதற்கு உள்ளே வாங்கிய நாளில் இருந்தது போலவே வெள்ளை. நடு ஓட்டையில் மட்டும் சாம்பல் நிறச் சேறு இறுகி அடைத்திருந்தது. குச்சியால் தள்ளினால் திரியாக வெளியே வந்தது. ஒரு திரி வந்துவிட்டது, மீதி நூற்றுக்கணக்கான ரிங்குகளுக்கு யார் குச்சி பிடிப்பது? டப்பாவில் அச்சடித்திருக்கும் ‘இத்தனை சதுர மீட்டர் பரப்பு’ என்பதெல்லாம், ஓட்டை அடைத்தபின் நமக்குக் கிடைக்காத பரப்பு. அந்தச் சேறு மக்கி மக்கி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வழி, ஒரே நாளில் மொத்தமாக எடுப்பது. மேடவாக்கத்தில் இருக்கும் என் நண்பர் அப்படித்தான் செய்தார். அரை மணியில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் அம்மோனியா 0.25 காட்டியது, தண்ணீர் லேசாகப் பால் கலந்தது போல ஆனது, ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. அவர் தொட்டியில் இரண்டு க்ளவுன் மீன்கள் மட்டுமே. அதனால் பிழைத்தது என்றே நினைக்கிறேன். பாறையில் பாக்டீரியா இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது அன்றாடம் தன்னை வந்தடைந்த அம்மோனியாவின் அளவுக்குத்தான் பெருகியிருக்கும். ரிங் தின்றுகொண்டிருந்த பங்கும் திடீரென்று சேர்ந்தால், அதற்கேற்பப் பெருக அவகாசம் வேண்டும். இந்த வகை பாக்டீரியா இரண்டாகப் பெருக, நல்ல சூழலிலேயே அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். மேலும் கடல் தொட்டியின் பி.எச். 8.2 பக்கம் இருக்கும், நம் ஊர் வெப்பம் வேறு. இரண்டுமே அம்மோனியாவின் விஷப் பங்கைக் கூட்டுபவை. மீன் குறைவு, அவசரம் அதிகம் என்றால் இந்த வழி ஒத்துவரலாம். நான் ஆறு மீனை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சலுக்குப் போகவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதற்கு நான் வைத்த கணக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு பை. ரிட்டர்ன் பம்ப்பை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முதல் பையைச் சும்மா தூக்கினேன். சொட்டிய சேறு சம்ப் முழுக்கப் பரவி, அடங்க ஒரு மணி நேரம் பிடித்தது. அடுத்த பையிலிருந்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியைச் சம்ப்புக்குள்ளேயே அமிழ்த்தி, பையைத் தண்ணீருக்கடியில் அதற்குள் நகர்த்தி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்கினேன். பை இருந்த இடத்தில் படிந்த வண்டலை டியூப் போட்டு உறிஞ்சி எடுத்தேன். அன்றைய தண்ணீர் மாற்றும் கணக்கில் அது சேர்ந்துவிடும்.

எடுத்த பையை உடனே வெயிலில் கொட்டிவிடாதீர்கள். என் ரிங்குகளில் சின்னச் சின்ன பிரிட்டில் ஸ்டார் (நட்சத்திர மீன் போன்ற உயிர்), வெள்ளை அன்னாசி போன்ற குட்டி ஸ்பாஞ்ச், ஓடித் திரியும் கோப்பிபாட் (பொடி இறால் இனம் போன்றது) என்று ஓர் ஊரே இருந்தது. ஒவ்வொரு ரிங்காக உப்புத் தண்ணீரில் ஆட்டி, பிரிட்டில் ஸ்டார்களை ஸ்பூனால் எடுத்துத் தொட்டியின் பாறைக்குப் பின்னால் விட்டேன். இரவு பத்தரை மணி வரை டார்ச் பிடித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தேன். அலுக்கவே இல்லை.

ஒவ்வொரு பைக்கும் பிறகு இரண்டாம் நாளும் நான்காம் நாளும் அம்மோனியா, நைட்ரைட் பார்த்தேன். அந்த வாரம் மட்டும் தீனி பாதி. புது மீன், மருந்து, பாறை மாற்றி அடுக்குவது எதுவும் கிடையாது. இரண்டாவது பைக்குப் பிறகு ஒருமுறை அம்மோனியா நிறம் லேசாக மாறியது போல இருந்தது. அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் மறுபடி பார்த்தால் பூஜ்யம். அப்படி உண்மையிலேயே காட்டினால் அடுத்த பையை ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டியதுதான். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இந்த வசதிதான். ஒரே நாளில் எடுத்தவருக்குத் தள்ளிப்போட எதுவும் மிச்சமில்லை.

காலமும் முக்கியம். தை, மாசியில் செய்யுங்கள். கத்திரி வெயிலில் வேண்டாம். 25 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2தான். சேறு கலங்கும் நாளில் அந்த வித்தியாசமும் கணக்கில் வரும்.

பலன்? தொடங்கும்போது 40 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) இருந்த நைட்ரேட், ஜூன் மாதம் 15 பக்கம் வந்தது. முழுப் பெருமையும் ரிங்கை எடுத்ததற்குத்தான் என்று சொல்ல மாட்டேன். இடைப்பட்ட மாதங்களில் தீனியையும் குறைத்திருந்தேன். சம்ப்பில் வண்டல் சேருவது கண்ணெதிரே குறைந்தது, அது மட்டும் உறுதி. இப்போது வெறும் கண்ணாடித் தரை, டியூப் வைத்தால் ஐந்து நிமிட வேலை. மீன் நெரிசலாக உள்ள தொட்டியிலோ, சம்ப் இல்லாமல் கேனிஸ்டர் (மூடிய வடிகட்டி) மட்டுமே உள்ள தொட்டியிலோ நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே இரண்டு வாரம் என்பதை ஒரு மாதமாக்கினாலும் தப்பில்லை என்று தோன்றுகிறது.

பழையதை எடுத்துவிட்டுப் புது செராமிக் கட்டி வைக்கலாமே என்று கேட்பார்கள். ஆறு வருடம் கழித்து அதே குச்சி வேலைதான். பரப்பு போதவில்லை என்று உண்மையிலேயே பட்டால் பாறை சேருங்கள். ஆனால் செயற்கைப் பாறையாக வாங்குங்கள். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்த பவளக்கல் என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. சட்டத்தை விடுங்கள், நம் தொட்டிக்காகக் கடலில் இருக்கும் வீட்டைப் பெயர்க்க வேண்டாம்.

நான்காவது பையில் இரண்டு கைப்பிடி ரிங்கை மட்டும் நன்றாக ஆட்டிக் கழுவி, நீரோட்டம் பாயும் இடத்தில் சின்ன வலையில் தொங்கவிட்டிருக்கிறேன். மீனுக்கு உடம்பு சரியில்லாமல் தனித் தொட்டியில் விட வேண்டி வந்தால், பாக்டீரியாவோடு இருக்கும் இந்த ரிங்கை உடனே எடுத்து அதில் போடலாம். மற்றதை அம்மா கேட்டார். “தூக்கிப் போட்டுடாதேப்பா, செடித் தொட்டிக்கு அடியில போட்டா தண்ணி நல்லா வடியும்.” உப்போடு போட்டால் செடி கருகிவிடும் என்பதால், பக்கெட்டில் ஊறப்போட்டு ஒரு வாரம் தினமும் தண்ணீர் மாற்றினேன். தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் குழாய்த் தண்ணீரின் அளவையே காட்டிய பிறகுதான் கொடுத்தேன். இப்போது அவை மாடியில் செம்பருத்திக்கு அடியில் இருக்கின்றன.