அலைவரிசையைக் குத்தகைக்கு எடுப்பதா, விலைக்கு வாங்குவதா? நியூயார்க்கின் இரண்டு விளையாட்டு வானொலிகள்

ஒரு விளையாட்டு வானொலி நிறுவனம் வளர நினைத்தால் முதலில் வந்து நிற்கும் கேள்வி நம் வீட்டுப் பேச்சில் அடிக்கடி வருகிற கேள்விதான்: சொந்த வீடா, வாடகை வீடா? இதை ஏட்டுக் கணக்காகப் பேசுவதை விட நியூயார்க்கை எடுத்துப் பேசலாம். ஏனென்றால் ஒரே ஊரில், ஒரே வருடத்தில், 2012-இல், நேருக்கு நேர் மோதிய இரண்டு நிலையங்கள் ஏஎம்-இலிருந்து (பழைய மத்திய அலை) எஃப்எம்-க்குப் போக முடிவெடுத்தன. விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான இஎஸ்பிஎன், 98.7 என்ற எஃப்எம் அலைவரிசையைக் குத்தகைக்கு எடுத்தது. டபிள்யூஎஃப்ஏஎன் (கேட்பவர்களுக்கு அது வெறும் ‘ஃபேன்’) 101.9-ஐ விலைக்கு வாங்கிப் போட்டது.

எஃப்எம் ஏன் என்று கேட்கலாம். 50,000 வாட் ஏஎம் நிலையம் இரவில் பல மாநிலங்களைத் தாண்டிக் கேட்கும், அது உண்மை. ஆனால் நகரத்துக்குள், கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே, ஆயிரம் மின்சாதனங்களின் இரைச்சலில் ஏஎம் கரகரக்கிறது. இளைஞர்கள் அந்தப் பக்கம் முள்ளைத் திருப்புவதே இல்லை. விளம்பரம் தருபவர்கள் தேடுவதும் அந்த வயதுக்காரர்களைத்தான்.

இப்போது ஃபேனின் கதை. 1987 ஜூலை 1 அன்று 1050 ஏஎம்-இல் அது தொடங்கியபோது நாள் முழுக்க விளையாட்டைப் பற்றியே பேசுகிற முதல் வானொலி அதுதான். தொடங்கியவர் எம்மிஸ் நிறுவனத்தின் ஜெஃப் ஸ்முல்யன். அந்த அலைவரிசையில் முன்பிருந்த நிலையத்திடம் மெட்ஸ் பேஸ்பால் அணியின் ஒலிபரப்பு உரிமை இருந்தது, அது அப்படியே கைக்கு வந்தது. அந்த உரிமை இல்லாமல் வெறும் பேச்சை மட்டும் நம்பியிருந்தால் முதல் வருடத்தைத் தாண்டியிருப்பது கஷ்டம் என்றே நினைக்கிறேன். அடுத்த வருடம் எம்மிஸ், என்பிசி ஒலிபரப்பு நிறுவனத்தின் வானொலி நிலையங்களை வாங்கியதும், ஃபேன் 1988 அக்டோபரில் 660-க்கு மாறியது. 1989-இல் மைக் ஃபிரான்செசாவும் கிறிஸ் ரஸ்ஸோவும் மாலை நேரப் பேச்சு நிகழ்ச்சியைச் சேர்ந்து நடத்தத் தொடங்கிய பிறகு ஊரே கேட்கத் தொடங்கியது. 1992-இல் மெல் கர்மாசினின் இன்ஃபினிட்டி நிறுவனம் ஃபேனை 7 கோடி டாலருக்கு வாங்கியது, இன்ஃபினிட்டி பிறகு சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தோடு சேர்ந்தது.

அதே 1992-இன் முதல் நாள்தான் இஎஸ்பிஎன் வானொலி பிறந்தது, ஆனால் வேறு வழியில். சொந்த நிலையம் எதுவும் இல்லாமல், நிகழ்ச்சியைத் தயாரித்து நாடு முழுக்க உள்ள நிலையங்களுக்குக் கொடுக்கிற வலையமைப்பாக அது ஆரம்பித்தது. இந்த முறையில் பல உள்ளூர் நிலையங்கள் பணம் தருவதற்குப் பதிலாக விளம்பர நிமிடங்களை விட்டுக்கொடுக்கும். முதலீடு குறைவு, பரவுவதும் வேகம். குறை என்னவென்றால், அந்தந்த ஊர் அணி நேற்று தோற்றதைப் பற்றிக் கொதித்துப்போய் போன் போடுகிறவருக்கு வேறு ஊரிலிருந்து வரும் குரல் பதில் சொல்ல முடியாது. விளையாட்டு வானொலியின் உயிரே அந்த உள்ளூர்க் கோபம்தான். நியூயார்க் மாதிரி ஊரில் வலையமைப்பு நிகழ்ச்சியை மட்டும் வைத்து ஃபேனோடு மோத முடியாது என்று தெரிந்துதான் இஎஸ்பிஎன் 2001-இல் 1050-இல் உள்ளூர் நிலையம் வைத்தது. ஆமாம், ஃபேன் பிறந்த அதே 1050.

சரி, 2012-க்கு வருவோம். அந்த ஏப்ரலில் இஎஸ்பிஎன் 98.7-க்குப் போனது. அதன் உரிமையாளர் யார் தெரியுமா? ஃபேனைத் தொடங்கிய அதே எம்மிஸ். ஒப்பந்தம் 2024 ஆகஸ்ட் வரை, முதல் வருடக் குத்தகை 84 லட்சம் டாலர், வருடா வருடம் 3.5 சதவீதம் கூடும். சில மாதங்கள் கழித்து சிபிஎஸ் 101.9-ஐ 7.5 கோடி டாலருக்கு வாங்கி, நவம்பரிலிருந்து ஃபேனை 660, 101.9 இரண்டிலும் ஒன்றாக விட்டது.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 84 லட்சத்தில் தொடங்கி 3.5 சதவீதம் ஏறிக்கொண்டே போனால் 12 வருடத்தில் மொத்தம் 12 கோடி டாலரைத் தாண்டுகிறது. எதிரி 7.5 கோடிக்குச் சொந்தமாகவே வாங்கிவிட்டான். மொத்தமாகப் போடுகிற பணத்துக்கு வட்டி உண்டு, 12 வருட வட்டியைச் சேர்த்தால் இடைவெளி நன்றாகவே குறையும், அதை மறைக்கக் கூடாது. ஆனால் குத்தகை முடிகிற நாளில் ஒருவர் கையில் அலைவரிசை இருக்கிறது, இன்னொருவர் கையில் ஒன்றும் இல்லை.

குத்தகைக்கும் நியாயம் இருக்கிறது. எஃப்எம் அலைவரிசையின் மதிப்பு இறங்கிக்கொண்டே போகிற காலத்தில், கேட்பவர்கள் போனுக்கும் செயலிக்கும் நகர்கிற காலத்தில், சொத்தைத் தலையில் கட்டிக்கொள்ளாமல் இருப்பது புத்திசாலித்தனம். இஎஸ்பிஎன் அந்த வழியிலேயே முழுக்கப் போய், நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் நிலையங்களைக் குட் கர்மா பிராண்ட்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, வலையமைப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. குட் கர்மாவை நடத்துபவர் கிரெய்க் கர்மாசின், அன்று ஃபேனை வாங்கிய மெல் கர்மாசினின் மகன். அப்பா வளர்த்த நிலையத்துக்கு எதிராக மகன் நிலையம் நடத்துகிறார்! அந்த 98.7 குத்தகையை நீட்டிக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததும் குட் கர்மாதான்.

வாங்கிய பக்கம் எல்லாம் நன்றாக நடந்ததா என்றால், அதுவும் இல்லை. 2017-இல் சிபிஎஸ்ஸின் வானொலிப் பிரிவு எண்டர்காமோடு இணைந்தது, எண்டர்காம் பிறகு ஆடசி என்று பெயர் மாற்றியது, 2024 ஜனவரியில் ஏறத்தாழ 190 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இதைப் பார்த்துவிட்டு ‘பார்த்தாயா, வாங்கினால் இப்படித்தான்’ என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். ஒரு ஊரில் ஒரு அலைவரிசைக்கு 7.5 கோடி கொடுத்ததற்கும், நாடு முழுக்க இருந்த நிலையக் கூட்டத்தைக் கடன் சுமையோடு விழுங்கியதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அந்தக் கடன் நெருக்கடியிலும் ஃபேன் 660-இலும் 101.9-இலும் பேசிக்கொண்டேதான் இருந்தது. 2014-இல் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களும் அதற்கு வந்து சேர்ந்தன.

ஆக, எனக்கு ஒரு விளையாட்டு வானொலி நிறுவனத்தை விரிவாக்கும் பொறுப்பு கிடைத்தால், உள்ளூர்ப் பேச்சு நிலையம் வைக்கிற ஊரில் அலைவரிசையை வாங்குவேன். நூறு ஊர் வேண்டுமென்றால் மற்ற ஊர்களுக்கு வலையமைப்பு போதும், அங்கே ஒலிபரப்புக் கோபுரம் வாங்க ஒரு காசும் போடமாட்டேன். குத்தகையை நாலைந்து வருடத்துக்கு மேல் எடுக்கமாட்டேன், அதற்குள் அந்த ஊர் நமக்குச் சரிப்படுமா இல்லையா என்று தெரிந்துவிடும். மிச்சப் பணம் ஆட்ட உரிமைக்கும் குரல்களுக்கும். கேட்பவர் நம்மைத் தேடி வருவது அவற்றுக்காக, ஆனால் தினமும் ஒரே எண்ணில் நாம் இருப்போம் என்ற நம்பிக்கையில்தான் வருகிறார், 12 வருடம் 98.7 என்று பழக்கிவிட்டு இனி வேறு எண்ணுக்கு வாருங்கள் என்றால் எல்லோரும் கூடவே வரமாட்டார்கள்.

2024 ஆகஸ்ட் இறுதியில் குத்தகை முடிந்தபோது நடந்தது அதுதான். இஎஸ்பிஎன் நியூயார்க் 98.7-ஐ விட்டு, 57 வருடம் செய்தி நிலையமாக இருந்த 880 ஏஎம்-க்குப் போனது, அதுவும் குத்தகைதான். 880-இன் உரிமையாளர் ஆடசி, அதாவது ஃபேனின் உரிமையாளர். பிராங்ஸ் பக்கத்தில் ஹை ஐலண்டில் 660-க்கும் 880-க்கும் ஒரே கோபுரம். அங்கிருந்துதான் இப்போது இரண்டு போட்டியாளர்களும் பேசுகிறார்கள், ஒருவர் கட்டுகிற குத்தகைப் பணம் மற்றவருக்குப் போகிறது.