முகம் காட்டக் கூடாத வீடியோவை அனுப்ப 'அகே'

நான் ஆவணப்பட எடிட்டர். பேட்டி கொடுத்தவர்களின் முகத்தை மறைப்பதற்கு முந்தைய ஃபுட்டேஜ் என் கைக்குத்தான் முதலில் வரும். கலர், சவுண்ட் பார்ப்பவர்களுக்கு அதை நெட் வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும். ஒருமுறை எனக்கு வந்த ஜிப் கோப்பின் பாஸ்வேர்டு, டவுன்லோட் லிங்க் இருந்த அதே மெயிலில் அடுத்த வரியிலேயே இருந்தது. திறந்தால் முதல் நிமிடத்தில் ஒரு பெண், "என் முகம் வெளியே வராதுல்ல?" என்று கேட்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம் பிடித்துக்கொண்டதுதான் 'அகே' (age). கோப்புகளை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் (என்க்ரிப்ட் செய்யும்), ஃபிலிப்போ வல்சோர்டா முன்னின்று எழுதிய இலவச மென்பொருள். 1.0 பதிப்பு 2021இல் வந்தது. ஜன்னல், பட்டன் எதுவும் கிடையாது, கட்டளை தட்டித்தான் வேலை வாங்க வேண்டும். எனக்கு இரண்டு நாளில் கை பழகிவிட்டது.

பெறுபவர் ஒரு ஜோடிச் சாவி உருவாக்குகிறார். ரகசியச் சாவி அவர் கணினியிலேயே இருக்கும். 62 எழுத்துள்ள பொதுச் சாவியை மட்டும் எனக்கு அனுப்புவார். அதை வைத்துப் பூட்டினால் அவரால் மட்டும்தான் திறக்க முடியும். முதல் வாரமே இதில் மாட்டிக்கொண்டேன்: பூட்டியதைச் சரிபார்க்கலாம் என்று பார்த்தால் என்னாலேயே திறக்க முடியவில்லை! இப்போது என் பொதுச் சாவியையும் சேர்த்தே பூட்டுகிறேன். எத்தனை பேரைச் சேர்த்தாலும் வீடியோ ஒரே தடவைதான் பூட்டப்படுகிறது, ஆளுக்கு ஒரு சின்னக் குறிப்பு மட்டும் தலைப்பகுதியில் கூடும்.

இவ்வளவு பெரிய கோப்பைப் பொதுச் சாவியால் நேரடியாகப் பூட்டுவதில்லை. கோப்புக்கென்று புதிதாக ஒரு சாவி செய்து, வீடியோவை சாச்சா20 என்ற குறியாக்க முறையில் 64 கேபி துண்டுகளாகப் பூட்டுகிறது. பொதுச் சாவியின் வேலை அந்தச் சின்னச் சாவியை மூடிவைப்பது மட்டும்தான். துண்டு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க, துண்டுக்கு 16 பைட் முத்திரை. 40 ஜிபி ஃபுட்டேஜுக்குக் கூடுவது 10 எம்பி அளவுதான். அந்த முத்திரையின் அருமை ஒருநாள் தெரிந்தது. டவுன்லோட் பாதியில் அறுந்துபோன கோப்பைத் திறந்தபோது, வந்தவரை எழுதிவிட்டுக் கடைசியில் பிழை காட்டி நின்றது. அந்தப் பிழைச் செய்தியைக் கவனிக்காமல் விட்டிருந்தால், பாதி வீடியோவை முழுசு என்று நம்பி டைம்லைனில் போட்டிருப்பேன்.

குறை உண்டா? உண்டு. யார் அனுப்பினார்கள் என்பதற்கு இதில் கையொப்பம் கிடையாது. என் பொதுச் சாவி தெரிந்த யாரும் எனக்கு ஒரு கோப்பைப் பூட்டி அனுப்பலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, நடுவில் ஒருவன் சாவியையே மாற்றிவிடுவது. மெயிலில் வந்த சாவி என் சவுண்ட் ஆளுடையதுதானா என்று இந்த மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தப்பான ஆளுக்குப் பூட்டினால் அந்தப் பெண்ணின் முகம் அவன் திரையில்தான் ஓடும்.

அதனால் புதிதாக யார் சாவி கொடுத்தாலும் முதலில் போன் போடுகிறேன். குரல் தெரிந்த ஆள் 62 எழுத்தையும் நாலு நாலாக வாசிக்க வேண்டும், நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். இரண்டு நிமிடம் ஆகும். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை, வாசித்து முடித்த பிறகுதான் அப்லோட் தொடங்குவேன்.