தலையில் மாட்டுவதா, சுவரில் விரிப்பதா?

கோலாலம்பூர்ப் பேரங்காடி ஒன்றில், தீபாவளிக்கு முந்தைய வார இறுதிகளில், மசாலாத் தூள் நிறுவனத்துக்குக் காட்சியரங்கு அமைத்தோம். சரவாக் தோட்டத்து மிளகு வீட்டு அடுப்புக்கு வந்து சேரும் கதையைக் கலப்பு மெய்ம்மையில், அதாவது நிஜ இடத்தோடு கணினிக் காட்சி கலந்து தெரியும் முறையில், சொல்ல வேண்டும். தலையில் மாட்டிக் கண்முன்னே காட்சி பார்க்கும் கருவியான ஹெட்செட்டை ஆளுக்கொன்று கொடுக்கலாம். அல்லது அறையின் சுவரிலும் மேசையிலும் புரொஜெக்டரால் கதையை விரித்து, கை படும் இடத்தில் காட்சி மாறும்படி சென்சார் வைக்கலாம். அறையைத் தேர்ந்தெடுத்தோம். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

காட்சி நேர்த்தியில் ஹெட்செட்டுக்கே முதலிடம். மேசையில் முளைத்தேறும் மிளகுக் கொடியைச் சுற்றி நடந்து பார்க்கும் வியப்பைச் சுவர் தராது.

முடிவைத் தீர்மானித்தது வரிசை. கதை 8 நிமிடம். ஹெட்செட்டை மாட்டி, பட்டையை இறுக்கி, மூக்குக்கண்ணாடிக்கு இடம் செய்து, முடிந்ததும் துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்க இன்னும் 4 நிமிடம். பத்துக் கருவிகள் வைத்தாலும் மணிக்கு 50 பேர்தான். முப்பது பேர் நிற்கும் அறையில், ஆள் மாற 2 நிமிடம் விட்டாலும் 180 பேர் பார்த்துவிடுவார்கள். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். காலை பத்து முதல் இரவு பத்து வரை ஓட்ட மாற்றுக் கருவிகள் வேண்டும், சார்ஜ் போட ஓர் ஆள், துடைக்க ஓர் ஆள் வேண்டும். விழாக்கால வரிசையில் கைக்குழந்தையோடு யார் காத்திருப்பார்கள்?

வருகிறவர்கள் குடும்பமாக வருகிறார்கள். குவெஸ்டுக்கு மெட்டா விதித்திருக்கும் குறைந்தபட்ச வயது 10, ஆப்பிள் விஷன் புரோவுக்கு 13. சின்னப் பேரன் வெளியே நிற்க வேண்டியதுதான். கொண்டையில் மல்லிகைச் சரம் வைத்தவருக்கும், தலைப்பாகை கட்டியவருக்கும் 515 கிராம் எடையுள்ள குவெஸ்ட் 3 கருவியை மாட்டிவிடுவது எளிதன்று. அறையிலோ, அம்மியில் மிளகு அரைபடும் காட்சி வந்ததும் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளிடம் தங்கள் தோட்டத்து வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது. நிறுவனம் சொல்ல விரும்பிய கதையே அதுதான்.

இன்னொன்று, கருவியின் ஆயுள். ஹோலோலென்ஸ் 2 என்ற தன் ஹெட்செட்டின் தயாரிப்பை மைக்ரோசாப்ட் 2024இல் நிறுத்திவிட்டது. அதை நம்பி உருவாக்கிய கதைகளை வேறு கருவிக்கு மாற்றி எழுத வேண்டும். புரொஜெக்டர் பழுதானால் வேறொன்றை அதே இடத்தில் ஏற்றலாம்.

அறைக்கும் தொல்லை உண்டு. கண்ணாடிக் கூரை வெளிச்சத்தை மறைக்கக் கறுப்புத் துணி கட்டினோம். காலைதோறும் படங்களின் விளிம்பைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நான் பார்த்தவை குறுகிய கால அரங்குகள்தாம். மாதக்கணக்கில் நிற்கும் அரங்கில் கணக்கு மாறலாம். ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டிய பினாங்கு ஜார்ஜ்டவுன் பாரம்பரியக் கடைவீட்டில், வருகிறவர்களும் சில வணிகர்கள் மட்டுமே என்றால், ஹெட்செட்டை வாடகைக்கு எடுங்கள். முகத்தில் படியும் மெத்தைகளைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர் வியர்வையில் முதலில் கெடுவது அதுதான்.