ஓவர்டிரைவ் போன பழைய டாட்ஜ் ராம்: வயரா, பின்பெட்டியா, முழு கியர்பாக்ஸா?

70 மைல் வேகத்தில் 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் அமைதியாக ஓட வேண்டிய எஞ்சின், 2,900-ஐப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிறது. முதல் மூன்று கியரும் ஒழுங்காக விழுகின்றன, நான்காவது, அதாவது ஓவர்டிரைவ், மட்டும் வரவில்லை. 1990-களின் டாட்ஜ் ராம் பிக்அப்பை இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு இது பழக்கமான கோளாறு. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "கியர்பாக்ஸை முழுசா இறக்கிப் பிரிக்கணும்" என்று சொல்லிவிடுவது சுலபம். சில வண்டிகளுக்கு அது சரியான பதிலும்கூட. ஆனால் இந்தக் கியர்பாக்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், அதைவிடச் சின்ன வேலை இரண்டு இருப்பது தெரியும்.

டாட்ஜின் தாய் நிறுவனம் கிரைஸ்லர் 1962-இல் கொண்டுவந்த 727 டார்க்ஃபிளைட் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி. உழைப்புக்குப் பேர்போனது. 1990-இல் வந்த ஏ518, அந்தப் பெட்டியின் வாலைக் கழற்றிவிட்டு அங்கே ஓவர்டிரைவைத் தனிப் பெட்டியாக போல்ட் போட்டு மாட்டியது. பிறகு அதன் பெயர் 46ஆர்எச் ஆனது. 1996-இல் கவர்னரை (வேகத்துக்கேற்ப ஆயில் அழுத்தத்தைத் தரும் பாகம்) எலக்ட்ரானிக் ஆக்கியதும் 46ஆர்இ. பெயர் எதுவானாலும் நான்காவது கியர் குடியிருப்பது பின்னால் இருக்கிற அந்தத் தனி வீட்டில்தான். அதனால்தான் இங்கே "எதைச் சரி செய்வது" என்ற கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில் உண்டு.

அந்தப் பின்பெட்டிக்குள் இரண்டு கிளட்ச். மூன்றாவது கியர் வரை டைரக்ட் கிளட்ச் பிடித்திருக்கும். அதை அழுத்தி வைத்திருப்பது சுமார் 800 பவுண்டு விசையுள்ள ஒரே ஒரு பெரிய ஸ்பிரிங். நான்காவதுக்குப் போகும்போது ஆயில் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளி, அந்த ஸ்பிரிங்கை வென்று, ஓவர்டிரைவ் கிளட்சைப் பிடிக்க வைக்கிறது. விகிதம் 1.00-இலிருந்து 0.69-க்கு இறங்குகிறது. அந்த ஆயிலுக்கு வழி திறந்துவிடுவது வால்வ் பாடியில் (ஆயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) உள்ள சோலினாய்டு என்ற மின்காந்த வால்வு. அதற்குக் கட்டளை கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது.

ஆகவே மலிவான சந்தேகம் மின்சாரம்தான், முதலில் அதைப் பார்க்க வேண்டும். 46ஆர்எச் பெட்டியின் டிரைவர் பக்கத்தில் மூன்று முனை பிளக் ஒன்று இருக்கும். ஒன்றில் 12 வோல்ட் வரும். மற்ற இரண்டும் ஓவர்டிரைவுக்கும் லாக்கப்புக்கும் (டார்க் கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டுவது) உரியவை, கம்ப்யூட்டர் அவற்றை கிரவுண்ட் செய்தால் வேலை நடக்கும். ஓவர்டிரைவ் வயரில் ஒரு கிளை எடுத்து கேபினுக்குள் கொண்டுவந்து, மூன்றாவதில் நல்ல வேகத்தில் போகும்போது கிரவுண்டில் தொட்டுப் பாருங்கள். (தொடுகிற வேலையைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் செய்யட்டும்.) ஆர்பிஎம் சட்டென்று இறங்கினால் பெட்டி நலமாக இருக்கிறது. கோளாறு வயரிலோ, ஓவர்டிரைவை நிறுத்தும் ஓ/டி ஆஃப் பட்டனிலோ, கம்ப்யூட்டருக்குத் தவறான சேதி சொல்கிற சென்சாரிலோ இருக்கிறது. இறங்கவில்லை என்றால் சோலினாய்டு, இல்லையேல் கிளட்ச். சோலினாய்டு மாற்ற பெட்டியின் அடியிலுள்ள ஆயில் தட்டான பானை இறக்கினால் போதும், ஒரு மதியத்து வேலை.

பான் இறக்கும் நேரம்தான் உண்மையில் முடிவெடுக்கும் நேரம். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெலிதாகப் படிந்திருந்தால் அது வயதின் அடையாளம், பயப்பட வேண்டாம். விரலில் தேய்த்தால் நறநறவென்றால், அல்லது வெளிச்சத்தில் துகள்கள் மின்னினால், எங்கேயோ பேரிங்கோ கியரோ தேய்ந்து உதிர்கிறது. ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தகடு எரிந்திருக்கிறது.

இன்னொரு சாட்சி ரிவர்ஸ். முன்னோக்கிப் போகும்போது டைரக்ட் கிளட்சுக்குத் துணையாக ஒருவழி கிளட்ச் ஒன்றும் சுமையைத் தாங்கும். ரிவர்ஸில் அந்தத் துணை கிடையாது. ரிவர்ஸ் வழுக்கி, கையால் இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் வண்டியைப் பிடிக்கவில்லை என்றால், டைரக்ட் கிளட்ச் போய்விட்டது, அதுவும் பின்பெட்டிக்குள்தான். ரிவர்ஸ் மட்டும் பலவீனம், எஞ்சின் பிரேக் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு முன்பெட்டியில், அதாவது மூன்று கியர் பகுதியில், இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பின்பெட்டியை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

முன்பெட்டி நலம், பான் சுத்தம் என்றால் என் ஓட்டு பின்பெட்டியை மட்டும் மாற்றுவதற்கே. எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைத் தொட வேண்டாம், முன்பெட்டி வண்டியிலேயே இருக்கும். டிரைவ்ஷாஃப்டைக் கழற்றி, பெட்டிக்கு ஜாக் கொடுத்து, குறுக்குச் சட்டத்தை எடுத்தால் வழி கிடைத்துவிடும். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்க வேண்டும், வேலை நீளும். கவனம் வேண்டிய இடம், பெட்டியைப் பின்னால் இழுக்கும் நிமிடம். உள்ளே கிரகக் கியரின் பல்லும் ஒருவழி கிளட்சின் பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பெட்டி வெளியே வந்ததும் அலைன்மென்ட் ஷாஃப்டை (பற்களை நேராகப் பிடித்து வைக்கும் தண்டு) உள்ளே செருகிவிட வேண்டும். விட்டுவிட்டால் பற்கள் விலகி, திரும்ப மாட்டும்போது எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. பலவந்தமாக போல்ட்டை முறுக்கினால் உள்ளே ஏதாவது உடையும்.

கழற்றிய பெட்டியை வீட்டிலேயே பிரிப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 800 பவுண்டு ஸ்பிரிங் சி-கிளாம்ப்புக்கு அடங்கும் சாமான் இல்லை. நழுவினால் ஆளையே காயப்படுத்தும். ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிற கடையில் பெட்டியை மட்டும் கொடுத்துப் புதுத் தகடு போட்டு வாங்கலாம், அல்லது புதுப்பித்த பெட்டியையே வாங்கி மாட்டலாம். கழற்றி மாட்டும் கூலி மிச்சமாவதே பெரிய தொகை.

முழு கியர்பாக்ஸையும் பிரிப்பது எப்போது சரி? பானில் உலோகத் துகள் கிடந்தால். பின்பெட்டிக்கும் முன்பெட்டிக்கும் ஆயில் ஒன்றே. பின்னால் உதிர்ந்தது முன்னாலும் சுற்றி வந்திருக்கும். இரண்டு லட்சம் மைல் ஓடி, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போதும் இழுவை விட்டுப் பிடிக்கிற வண்டிக்கும் இதே கதிதான். அங்கே பின்பெட்டியை மட்டும் மாற்றுவது பெரிய செலவைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுவதுதான்.

பழைய சாமான் கடையில் முழுப் பெட்டி வாங்கலாமே என்பார்கள். விலை கவர்ச்சிதான், ஆனால் அதுவும் அதே வயதுப் பெட்டி, ஏன் கழற்றப்பட்டது என்று தெரியாது. அதோடு 1995-ஆம் வருடப் பெட்டி 1996 வண்டியில் அப்படியே பொருந்தாது. மூன்று முனை பிளக் எட்டு முனையானது அந்த மாற்றத்தில்தான். இரு சக்கர, நான்கு சக்கர இழுவைப் பெட்டிகளின் வாலும் வேறு. எனக்கு இது கடைசி வழி.

எதுவும் செய்யாமல் ஓ/டி ஆஃப் பட்டனை அழுத்திவிட்டு மூன்றாவதிலேயே ஓட்டுவதும் ஒரு வழி. பண்ணைக்கும் ஊருக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்குத் தாராளமாகப் போதும். நெடுஞ்சாலையில் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு பெட்ரோலும் இரைச்சலும் கட்டுப்படியாகாது.

சிறிய வேலையோ பெரிய வேலையோ, கிளட்ச் எரிந்த வண்டியில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைக் கழுவாமல் விடாதீர்கள். பல வண்டிகளில் கூலர் குழாயில் ஒரு சின்ன ஒருவழி வால்வு இருக்கும். பழைய குப்பை அங்கே அடைத்தால் புதுப் பெட்டியும் சூடாகிச் சாகும். அப்புறம் எஞ்சின் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் த்ராட்டில் வால்வ் கேபிள்: அது தளர்ந்திருந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து புதுத் தகடும் வழுக்கும். ஏடிஎஃப்+4 ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு ஆயில் சூடான பிறகு, கியரை நியூட்ரலில் வைத்து டிப்ஸ்டிக் பாருங்கள். பார்க்கில் வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும்.