தில்லை நகரில் பிஆர்பி ஊசி: தம்பிக்கு ஆம், எனக்கு இல்லை

திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் மருத்துவமனைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. புதுக்கோட்டை, பெரம்பலூர், கரூர் என்று சுற்று வட்டாரமே அங்கேதான் வந்து இறங்கும். இந்த முறை விடுப்பில் போனபோது புதிதாகக் கண்ணில் பட்டவை எலும்பு மருத்துவமனைகளின் வாசலில் இருந்த பிஆர்பி பலகைகள். நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துச் செறிவாக்கி, வலிக்கிற இடத்தில் ஏற்றும் ஊசி இது. ‘அறுவை சிகிச்சை இல்லாமல் ஜவ்வுக் கிழிசலுக்குத் தீர்வு’ என்றது ஒன்று. குதிகால் வலி, தோள்பட்டை வலி, மூட்டுத் தேய்மானம், முடி உதிர்வு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கியிருந்தது இன்னொன்று. தலைமுடியையும் குதிகாலையும் ஒரே ஊசி சரிசெய்யும் என்று படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. என் தம்பிக்கு நம்பிக்கை வந்தது.

இருவருக்குமே காரணம் இருந்தது. நான் வாழும் பிரிட்டனின் லெஸ்டரில் வாரக் கடைசிகளில் இறகுப்பந்து ஆடி, எனக்கு வலது குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் தடித்துவிட்டது. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியே சுளீர் என்று வலிக்கும். தம்பி பாலக்கரையில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறான். ஸ்பானர் பிடித்துப் பிடித்து முழங்கையின் வெளிப்பக்கம் வலி கண்டுவிட்டது. டென்னிஸ் மட்டையை வாழ்நாளில் தொடாதவனுக்கு டென்னிஸ் எல்போ.

வேகத்தில் நம் ஊரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. காலையில் தொலைபேசியில் பெயர் கொடுத்தோம், மாலையில் மருத்துவர் பார்த்தார், அதே மாடியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். நான் லெஸ்டரில் குடும்ப மருத்துவரிடம் சொல்லிவிட்டு பிசியோதெரபிக்கு முறை வரட்டும் என்று காத்துக் கிடந்தவன். ஆலோசனைக் கட்டணத்தைப் பவுண்டில் மாற்றிப் பார்த்தால் லெஸ்டரில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆகாது. கழிப்பறை சுத்தமாக இருந்தது, செவிலியர்கள் தன்மையாகப் பேசினார்கள்.

பதிவு மேசையில்தான் காற்று கொஞ்சம் மாறி வீசியது. ஆதார் எண் கேட்டார்கள், நான் கடவுச்சீட்டை நீட்டினேன். “வெளிநாடா சார்? திரும்புவதற்குள் முடிக்கிற மாதிரி பேக்கேஜ் இருக்கிறது” என்று ஒரு வண்ணத்தாள் வந்தது. மூன்று ஊசி, சேர்த்து வாங்கினால் தள்ளுபடி. மருத்துவர் என் காலை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பிஆர்பி என்றால் என்ன என்பதை டெங்குக் காய்ச்சல் பார்த்த நம் மக்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிளேட்லெட் இறங்கிவிட்டது என்று பப்பாளி இலையைத் தேடி ஓடுவோமே, அதே தட்டணுக்கள்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்கும். காயம்பட்ட இடத்தில் ரத்தத்தை உறையச் செய்வதோடு, திசு வளரத் தூண்டும் புரதங்களையும் இவை வெளியிடுகின்றன. ரத்த ஓட்டம் குறைந்த தசைநாண் தானாக ஆற மாட்டேன் என்கிறதே, அங்கே இவற்றைச் செறிவாக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன என்பதுதான் யோசனை. காகிதத்தில் அழகான யோசனை.

தம்பி ஒத்துக்கொண்டான். உடன் இருக்க என்னை அனுமதித்தார்கள். பெரிய ஊசிக்குழல் நிறைய ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் விட்டு, சுழல் கருவியில் வைத்தார்கள். கருவி நின்றதும் செவிலியர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், நடுவில் பாலாடை போல வெண்மையாக மெல்லிய ஓர் ஏடு. அந்த ஏட்டை ஒட்டித்தான் தட்டணுக்கள் தங்கும். அவற்றைப் பிரித்தெடுத்து மறுபடியும் சுழற்றி, கடைசியில் சில மில்லி மட்டும் மிஞ்சியது. தோலை மரக்கச் செய்து, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே, எலும்போடு தசைநாண் சேரும் இடத்தில் ஊசியை முன்னும் பின்னுமாகப் பல முறை செலுத்தினார் மருத்துவர். கை வேலை சுத்தம். வலி பொறுக்கிற என் தம்பியே பல்லைக் கடித்துக்கொண்டு “அண்ணே, இது வேறு மாதிரி வலி” என்றான்.

“இதில் தட்டணுக்கள் எத்தனை மடங்கு இருக்கும்?” என்று கேட்டேன். நல்ல கிட் (ரத்தத்தைப் பிரித்தெடுக்கும் குழாய்த் தொகுப்பு) சார், நன்றாகவே இருக்கும் என்றார்கள். எண்ணிப் பார்ப்பதில்லை. மைக்ரோலிட்டருக்கு 10 லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. வெள்ளணுக்களை விட்டுவைப்பதா நீக்குவதா என்பதிலும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பக்குவம். இப்படி ஆளுக்கு ஒரு சரக்கைத் தயாரித்தால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று யார் சொல்வது?

பிறகு ஒன்று நடந்தது. ஊசி போட்ட மருத்துவர் “வலித்தால் பாராசிட்டமால் மட்டும்” என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். டைக்லோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையையே தடுக்கக்கூடியவை. ஆனால் கீழே மருந்தகத்தில் கொடுத்த பையில் அசிக்ளோஃபெனாக் பட்டை ஒன்று இருந்தது. எலும்பு நோயாளிக்கு வழக்கமாக அச்சாகும் சீட்டு அது. காட்டியதும் வருத்தம் தெரிவித்து எடுத்துக்கொண்டார்கள். பையைத் திறந்து பார்க்காதவர்கள் கதை என்ன ஆகியிருக்கும்?

என் குதிகாலுக்கும் அன்றே போட்டுவிடலாம் என்றார் மருத்துவர். நான் மறுத்தேன். 2021-இல் பிரிட்டனிலேயே 240 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு நாணுக்குள் பிஆர்பி, மீதிப் பேருக்குத் தோலுக்கு அடியில் வெறும் ஊசிக் குத்து மட்டும். ஆறு மாதம் கழித்து வலியையும் நடமாட்டத்தையும் வைத்து 100-க்கு இத்தனை என்று போட்ட மதிப்பெண், பிஆர்பி போட்டவர்களுக்கு 54.4, மற்றவர்களுக்கு 53.4. 2010-இல் நெதர்லாந்தில் 54 பேரிடம் உப்பு நீரோடு ஒப்பிட்டபோதும் வேறுபாடு தென்படவில்லை. இதை மருத்துவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை, “எங்களிடம் நல்ல முடிவு வருகிறது” என்றார். வரலாம். காலம் போகப் போகத் தானாகக் குறையும் வலி பலருக்கு உண்டு.

தம்பியின் முழங்கைக்கு மட்டும் ஏன் தலையாட்டினேன் என்றால், அங்கே கொஞ்சமாவது வாதாட இடம் இருந்தது. 2010-இல் வந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், 100 பேரில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட பிஆர்பி போட்டவர்கள் ஓராண்டு கழித்து நன்றாக இருந்தார்கள்: 49 சதவீதத்துக்கு எதிராக 73. ஆனால் ஸ்டீராய்டு, முழங்கையில் முதலில் சுகம் தந்து பின்னால் கெடுக்கும் பேர்வழி. அதைவிட மேல் என்பது பெரிய பாராட்டு அல்ல. 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, போலி ஊசியைவிடப் பெரிய பலன் அநேகமாக இல்லை என்றது. இதையும் தம்பிக்குச் சொன்னேன். “கையை ஆட்டாமல் பட்டறையை எப்படி ஓட்டுவது? பத்தாயிரத்துக்குள் முடிகிறது, பார்த்துவிடுவோம்” என்றான். அவன் கை, அவன் பணம். மூன்று வேண்டாம், ஒன்று போதும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்.

என் காலுக்கு விடை ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பிசியோதெரபி அறையில் கிடைத்தது. பெண் ஒருவர் நடத்துகிறார், வாசலில் விளம்பரம் எதுவும் இல்லை. என்னை வாசற்படிக்கு அழைத்துப்போய், முன்பாதத்தை விளிம்பில் ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னார். முழங்கால் நீட்டி 15 தடவை, மூன்று சுற்று, மடக்கி இன்னொரு மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இது. தன் குதிகாலுக்கு அறுவை செய்ய மேலதிகாரி மறுத்ததால், நாண் அறுந்தாவது போகட்டும் என்று பளு ஏற்றியவருக்கு வலியே போய்விட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். ஒரு நாளைக்கு 180 தடவை என்றதும் மலைத்தேன். பிசியோ சிரித்துக்கொண்டே, “இதற்குத் தள்ளுபடி கிடையாது” என்றார்.

தம்பிக்கு முதல் சில நாள் வலி கூடி, பிறகு இறங்கியது. இப்போது ஸ்பானர் பிடிக்கிறான், கனமான வேலையைப் பையன்களிடம் விட்டுவிடுகிறான். ஊசியா ஓய்வா என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. வலி இறங்கியபின் செய்ய வேண்டிய பயிற்சியை மருத்துவமனை எழுதித் தரவில்லை. ஸ்ரீரங்கத்துப் பிசியோதான் தந்தார்.

விடுப்பில் போய் இதைச் செய்துகொள்ள நினைப்பவர்கள், ஊசி போட்ட மறுநாளே விமானம் ஏறும்படித் திட்டமிடாதீர்கள். எந்த கிட், எத்தனை மில்லி, எந்த இடத்தில் என்று எழுதி வாங்குங்கள்; திரும்பியபின் உங்கள் மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். ஸ்கேன் படங்களையும் விடாதீர்கள். எனக்கு அறிக்கைத் தாளை மட்டும் கொடுத்தார்கள். கேட்ட பிறகுதான் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.