ரவுப் ரோட்டு டுரியான் கடை: முசாங் கிங்க விடுங்க, கம்போங் பழத்தக் கேளுங்க

மலேசியாவுல, பகாங் மாநிலத்துல பெந்தோங்லேர்ந்து ரவுப் போற வழியில ஒரு டுரியான் கடை, பேர் பலகையெல்லாம் கெடையாது, தகரக் கூரை, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னாடி மேட்டுல தவுக்கேயோட, அதாவது கடை மொதலாளியோட, சொந்தத் தோட்டம். முதல்லயே சொல்லிடறேன், முசாங் கிங்குங்கற வெல ஒசந்த ஒட்டு ரக டுரியான் சாப்பிடறதுக்காக கோலாலம்பூர்லேர்ந்து இவ்ளோ தூரம் எண்ணெய் ஊத்திட்டு வர வேணாம், அது அங்கயே நல்லா கெடைக்குது. இங்க வந்தா கம்போங் டுரியான் கேளுங்க.

கம்போங்னா ஒட்டுக் கட்டாம கொட்டையிலேர்ந்து வளர்ந்த மரம். ரகம் கெடையாது, பதிவு நம்பர் கெடையாது, மரத்துக்கு மரம் ருசி மாறும். தவுக்கே அப்பா காலத்து மரங்க சிலது இன்னும் நிக்குது, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், காட்டுல 40 மீட்டர் தாண்டியும் வளர்ற மரமாச்சே. அதையெல்லாம் வெட்டிட்டு முழுக்க முசாங் கிங் நட்டா காசு தானேன்னு கேட்டேன், சிரிச்சிட்டு இல்லன்னாரு. டுரியான்ல பல ரகம் தன் மகரந்தத்துல சரியா காய்க்காது, பக்கத்துல வேற மரம் பூத்திருக்கணும். அதனால கம்போங் மரத்துக்கும் இங்க வேலை இருக்கு.

அந்த மகரந்தத்த யாரு கொண்டு வந்து சேக்கறாங்கன்னா, வௌவாலு. பூ சாயங்காலம் விரியும், கெளையிலயே கொத்துக் கொத்தா தொங்கும், விடியறதுக்குள்ள இதழெல்லாம் கீழ கொட்டிடும், அதுக்குள்ள ராத்திரி வேலை முடிஞ்சாகணும். நம்ம பத்துமலைக் குகையிலயே இந்த தேன் குடிக்கற வௌவால் கூட்டம் உண்டு, 1970கள்ல அதுங்க எந்தெந்தப் பூவுக்குப் போகுதுன்னு ஆராய்ச்சியே பண்ணாங்க, டுரியான், பெத்தாய்ங்கற நீளக் காய் மரம், அப்புறம் கடலோர சதுப்புக் காட்டு மரம் வரைக்கும் போய் வருதுங்க. தைப்பூசத்துக்குப் படி ஏறறப்ப மூக்கப் பொத்திட்டு திட்டற ஆளுங்க இத கொஞ்சம் நெனச்சுக்கங்க. தியோமான் தீவுல பெரிய பழந்தின்னி வௌவாலும் இதே வேலைய செய்யுதுன்னு 2017ல கேமரா வச்சு கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் பூவத் தின்னு நாசம் பண்ணுதுன்னு விரட்டிட்டு இருந்தவங்க நெறைய.

சரி கடைக்கு வருவோம். தாய்லாந்துல காய மரத்துலயே அறுத்துடுவாங்க, நம்ம ஊர்ல பழுத்து தானா விழற வரைக்கும் காத்திருக்கணும், பெரும்பாலும் ராத்திரிலயும் விடியக்காலையிலயும் தான் விழும். முசாங் கிங் மரத்துக்கெல்லாம் அடியில வலை கட்டியிருக்காரு. விழுந்த அன்னிக்கே சாப்பிட்டா தான் அந்த ருசி, ரெண்டு மூணு நாள் போனா ஓடு வெடிச்சு சதை புளிச்சுடும். அதனால தான் டுரியான் கடைன்னா மரத்துக்கு எவ்ளோ பக்கம்னு நான் பாப்பேன். இங்க காலையில பொறுக்கின பழம் பத்து மணிக்கு மேசைக்கு வருது, காம்பு ஈரமா இருக்கும், தொட்டே பாக்கலாம்.

நான் சாப்பிட்ட கம்போங் பழத்துல ஒண்ணு சுமார், கொட்டை பெருசு சதை கம்மி. இன்னொண்ணு வெளிர் நெறம், பாக்க ஒண்ணுமே இல்ல, வாயில வச்சா மொதல்ல கசப்பு, அப்புறம் பாதாம் பால சுண்டக் காச்சின மாதிரி ஒரு இனிப்பு, கடைசில லேசா கள்ளு வாசம். கிலோ 8 வெள்ளி (ரிங்கிட்) தான். அதே மரத்துப் பழம் இன்னொண்ணு வேணும்னேன், அன்னிக்கு அவ்ளோ தான் விழுந்துச்சாம் லா.

முசாங் கிங் கிலோ 35 வெள்ளி. 1993ல டி197ன்னு பதிவான ரகம், அடியில நட்சத்திரம் மாதிரி முள்ளில்லாத தழும்பு இருக்கும், சதை நல்ல மஞ்சள் நெறம், கொட்டை சூம்பி சின்னதா இருக்கும். ஓட்டோட சேத்து தான் நிறுவை, கையில தங்கறது மூணுல ஒரு பங்கு கூட இருக்காது, கணக்குப் போட்டா நெஞ்சு அடைக்கும். எனக்கு வந்த பழம் முந்தின வாரத்து மழையில தண்ணி ஏறி சப்புனு இருந்துச்சு. சொன்னதும் முகம் சுளிக்காம வேற வெட்டிக் குடுத்தாரு, அதுக்கு ஒரு சலாம். ஆனா முதல் தரப் பழம் எல்லாம் சீனாவுக்குப் போகுதோன்னு ஒரு சந்தேகம், 2019லேர்ந்து முழுப் பழமா உறைய வச்சு போயிட்டிருந்தது 2024லேர்ந்து பிரெஷ்ஷாவே போகுது.

கடையில தெம்போயாக் பாட்டிலும் விக்கறாங்க, தவுக்கேயோட மருமக போடறது. மிஞ்சின சதையில உப்பு போட்டு சில நாள் புளிக்க வைக்கறது, தெமெர்லோ பக்கம் பாத்தின் மீன் கொழம்புல போடுவாங்க. வாசம் தாங்கினா வாங்குங்க, காரம் கொஞ்சம் தூக்கலா வச்சா சோத்துக்கு அப்படி இருக்கும். கொட்டையயும் தூக்கிப் போடாதீங்க, அவிச்சு தின்னலாம், பச்சையா வேணாம். பக்கத்துலயே மங்குஸ்தீனும் வச்சிருக்காங்க, டுரியான் சூட்டுக்கு அது தான்னு சொல்லி எப்படியும் தள்ளி விட்டுருவாங்க, நானும் வாங்கினேன்.

சக்கரை வியாதிக்காரங்க ரெண்டு சொளையோட எந்திரிச்சுடுங்க. பீர் குடிச்சிட்டு சாப்பிடாதீங்க, டுரியான்ல இருக்கற கந்தக வாசப் பொருள் சாராயத்த ஒடம்பு ஒடைக்கற என்சைம தடுக்குதுன்னு ஜப்பான்ல ஆய்வுக்கூடத்துல பாத்திருக்காங்க.

கொறைன்னா, கை கழுவற எடம் ஒண்ணு தான், கழிவறை சுமார், மத்தியானம் வெயில் தகரத்துல நெருப்பா அடிக்கும், பார்க்கிங் ரோட்டோரம் தான், லாரி வேகமா வரும், பிள்ளைங்கள கையில புடிச்சுக்கங்க. கார்டு எடுக்க மாட்டாங்க, ரொக்கம் இல்லன்னா கியூஆர். ஜூன் கடைசிலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்ல சீசன், மத்த நேரம் வந்தா கடை பூட்டியிருக்கும். பொட்டலம் கட்டி ஹோட்டலுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு நெனைக்காதீங்க, வாசத்துக்கு அபராதம் போடுவான். அங்கயே ஒக்காந்து சாப்பிட்டு, ஓட்டுக் குழியில தண்ணி ஊத்தி கை கழுவிட்டு கெளம்புங்க, வாசம் போகுதோ இல்லயோ தவுக்கே அப்படித்தான் செய்யச் சொல்லுவாரு. அஞ்சுக்கு நாலு ஸ்டார்.