முக்கூடலில் ஒரு வானொலி: ஏலமா, இணையமா, சமுதாய வானொலியா?

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் என் சித்தி பீடி சுற்ற உட்கார்ந்தால் மடியில் சொளவு (முறம்), சொளவில் இலையும் தூளும், திண்ணையில் ரேடியோ. இரண்டு கையும் வேலையில் இருக்கும், கண் இலையை விட்டு அகலாது. காது மட்டும்தான் ஓய்வாக இருக்கும். டிவி பார்த்தால் அன்றைய கட்டு குறைந்துபோகும். "ஏல, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை" என்பாள். எங்கள் ஊருக்கென்று ஒரு வானொலி தொடங்கலாமா என்று நண்பர்கள் நாலு பேர் பேச ஆரம்பித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் திண்ணைதான். இருக்கிற வழிகளை அந்தத் திண்ணையிலிருந்தே பார்க்கிறேன்.

தனியார் எஃப்எம் பற்றிப் பேச அதிகமில்லை. அது ஏலத்தில் எடுக்கிற அலைவரிசை, 15 வருட உரிமம். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து அடிப்படை விலை 784.87 கோடி ரூபாய். சராசரி போட்டுப் பார்த்தால் ஒரு அலைவரிசைக்கு ஒரு கோடிக்கு மேல் வருகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் மொத்த வருமானத்தில் 4 சதவீதம் கட்ட வேண்டும். அது நகரத்துக்கான கணக்கு. திருநெல்வேலியில் சூரியனும் ஹலோவும் ஏற்கெனவே இருக்கின்றன, பாட்டும் பேச்சுமாக நன்றாகவே நடத்துகிறார்கள். ஒரு கிராமத்து அறக்கட்டளை அந்தப் பந்தயத்தில் இறங்குவது வீண் வேலை.

இணைய வானொலிதான் எல்லோருக்கும் முதலில் ஆசை காட்டும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நல்ல மைக், மாத வாடகைக்கு ஒரு ஸ்ட்ரீமிங் சர்வர் இருந்தால் அடுத்த வாரமே பேசத் தொடங்கலாம். அலைவரிசை வேண்டாம், டவர் வேண்டாம். துபாயில் இருக்கும் முக்கூடல்காரரும் கேட்கலாம், அது சின்ன விஷயமில்லை. 64 கேபிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் கேட்பவருக்கு மணிக்கு 29 எம்பி அளவுக்குத்தான் டேட்டா போகும். ஆனால் சித்தி கேட்க வேண்டுமென்றால் யாராவது போனை எடுத்து, ஆப்பைத் திறந்து வைக்க வேண்டும். நடுவில் ஒரு அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும், தூள் ஒட்டிய கையால் மறுபடி தொட வேண்டும். ரேடியோவில் ஒரு திருகு திருகினால் சாயங்காலம் வரை கவலையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. எங்களுக்குக் கரண்ட் போனது, பின்னாலேயே செல்போன் டவரும் போனது. அடுத்த தெருவில் தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று கேட்கக்கூட ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. இணைய வானொலி அன்றைக்கு ஊமையாகத்தான் இருந்திருக்கும். ஜெனரேட்டரும் டீசலும் கையிருப்பில் வைத்திருக்கிற ஒரு சிறு எஃப்எம் நிலையம் இருந்திருந்தால், இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ இருக்கிற வீடெல்லாம் தகவல் கேட்டிருக்கும்.

அதனால்தான் என் மனம் சமுதாய வானொலிப் பக்கம் சாய்கிறது; லாப நோக்கில்லாத அமைப்பு தன் வட்டாரத்துக்காக நடத்துகிற சிறு எஃப்எம் நிலையம் அது. வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி வந்தது. 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. தனிநபருக்கும் கட்சிக்கும் லாப நோக்கு நிறுவனத்துக்கும் கிடையாது. பதிவாகி மூன்று வருடமாவது ஆன அமைப்பாக இருக்க வேண்டும். பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை என்ற வானொலி நடப்பது இந்த வழியில்தான்.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒலிபரப்புத் திறன் 100 வாட் வரைதான், ஆன்டெனா 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. டவரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முக்கூடலில் நட்டால் பக்கத்துப் பாப்பாக்குடியில் கேட்கலாம். அம்பாசமுத்திரம் எட்டும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். இது குறைதான். ஆனால் வானிலை, கரண்ட், குடிநீர், தேர்வு முடிவு, திருவிழா, நிர்வாகம் தரும் வெள்ள எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. நம் ஊரில் காலையில் முதல் கேள்வியே "பாபநாசம் எத்தனை அடி?" என்பதுதானே. 143 அடி பாபநாசம் அணை, 118 அடி மணிமுத்தாறு அணை, இரண்டின் அன்றைய நீர்மட்டத்தையும் ஏழு மணிக்குச் சொன்னாலே கார் நெல் போடுகிறவரும் பிசான நெல் போடுகிறவரும் ரேடியோவைத் திருப்புவார்கள்.

பணம்? டிரான்ஸ்மிட்டர், டவர், சத்தம் புகாத ஒரு அறை, மிக்ஸர், மைக், யுபிஎஸ் எல்லாம் சில லட்சங்களில் அடங்கும். விண்ணப்பம் மத்திய அரசின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில். உள்துறை அனுமதி, அலைவரிசை ஒதுக்கீடு, டவர் அனுமதி என்று ஒவ்வொன்றாக நகரும், பொறுமை வேண்டும். 2024-இல் விதிகளைத் தளர்த்தி விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக்கினார்கள், விளம்பரக் கட்டணத்தையும் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக ஏற்றினார்கள். 12 நிமிடமும் நிறைந்தால் மணிக்கு 5,328 ரூபாய். நிறையாது. கரண்ட் பில்லும் இரண்டு பேர் சம்பளமும் வந்தால் போதும் என்று தொடங்குவதே நல்லது. சினிமாப் பாட்டு போட்டால் அதற்கு உரிமைத் தொகை தனி. இது இணைய வானொலிக்கும் உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள்.

எனக்குள்ள ஒரே பயம் ஆள் பற்றியது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி வானொலிக்காக ஒரு விவசாயியிடம் நாற்றங்கால் பற்றிப் பேட்டி எடுத்துக் கொடுத்தேன். பதிவு செய்த மாணவர்கள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், புதிதாகச் செய்ய ஆளில்லை. வயல் அறுப்புக்கு நிற்கும்போதும் அதே பேட்டி ஓடியது. "என் குரலை நானே கேட்கக் கூச்சமா இருக்கு தம்பி" என்றார் அவர். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்பது விதி. விதியை விடுங்கள், நாள்தோறும் இரண்டு மணி நேரம் புதிதாகப் பேச ஊரில் ஆள் தேற வேண்டும்.

அதனால் நண்பர்களிடம் நான் சொன்னது இதுதான். அறக்கட்டளை பெயரில் விண்ணப்பத்தை இப்போதே போடுவோம். அனுமதி வரும்வரை இணைய வானொலியில் தினம் அரைமணி நேரம் நடத்துவோம், அதைப் பயிற்சி என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் நடந்தால் டவருக்குப் பணம் திரட்டலாம். முதல் பதிவுக்குச் சித்தி சம்மதித்துவிட்டாள். பீடி சுற்றிக்கொண்டேதான் பேசுவாளாம், கத்தரிச் சத்தம் விழுந்தால் பரவாயில்லையா என்று கேட்டாள். விழட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.